பழைய வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் எங்கிருந்து பார்ப்பது

பழைய பைக் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். பேட்டரி புதுசு, ஆனாலும் மறுபடி இறங்கிவிட்டது, ரெகுலேட்டர் போயிருக்குமா? நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி மாற்றி, அது செத்ததும் ரெகுலேட்டர் மாற்றி, அதுவும் உதவாமல் ஸ்டேட்டரை, அதாவது மின்சாரம் உண்டாகும் காயிலை, கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொடுத்து, கடைசியில் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு கப்ளரில், அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பில், கோளாறு இருந்தது தெரியவரும் கதையை அடிக்கடி பார்க்கிறேன். முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் பாகங்களைவிட ஒயரிங்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. இதை அழுத்திச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

ஒரு சாதாரண மீட்டர் போதும். டிசி வோல்ட், ஏசி வோல்ட், ஓம், டயோடு சோதனை இந்த நாலும் இருந்தால் சரி. ஆனால் மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பேட்டரியில் 15.5 வோல்ட் வருகிறது என்று பதறுவதற்கு முன் மீட்டரின் பேட்டரியை மாற்றிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். இன்னொன்று, ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக் போட்ட வண்டிகளில் இஞ்சின் ஓடும்போது டிஜிட்டல் மீட்டரின் எண்கள் தறிகெட்டு ஆடும். அது இக்னிஷனின் இரைச்சல்தான், சார்ஜிங் கோளாறு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உங்கள் வண்டியில் என்ன வகை சார்ஜிங் இருக்கிறது என்று தெரியாமல் அளக்க ஆரம்பிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில் இருந்து வந்த பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் நிரந்தரக் காந்தம் பதித்த ரோட்டர் கிராங்கோடு சேர்ந்து சுற்றும், அதற்கு உள்ளே ஸ்டேட்டர் அசையாமல் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று ஒயர் வெளியே வரும். பல வண்டிகளில் அது மஞ்சள். மூன்று ஒயர் என்றால் மூன்று ஃபேஸ் ஏசி. அதை ரெக்டிஃபையர் டிசியாக்கும், ரெகுலேட்டர் பதினாலரை வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிடிக்கும். இந்த இரண்டும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் இருந்தால் அதைத்தான் ஆர்ஆர் யூனிட் என்கிறோம். அதற்கு முந்தைய வண்டிகளில் ரெக்டிஃபையர் தனி, ரெகுலேட்டர் தனி.

ஹோண்டாவின் பழைய சிபி750, பிஎம்டபிள்யூவின் ஏர்ஹெட் பாக்ஸர்கள் போன்றவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது, ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் கொடுத்துத்தான் காந்தத்தை உண்டாக்க வேண்டும். அறுபதுகளின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் இரண்டு ஒயர் ஆல்டர்னேட்டரும், ரெகுலேட்டருக்குப் பதிலாக, கூடுதல் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீனர் டயோடும் இருக்கும், போதாததற்குப் பாசிட்டிவ்தான் எர்த். அதற்கும் முன்னால் போனால் டைனமோ. சின்ன வண்டிகள் பலவற்றில் ஒரே காயிலில் இருந்து ஹெட்லைட்டுக்கு நேரடி ஏசியும் பேட்டரிக்கு டிசியும் பிரியும். ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்கி, முறுக்கினால் பிரகாசமானால் உங்களுடையது அநேகமாக இந்த வகை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வகைக்குச் சரியான எண் இன்னொரு வகைக்குக் கோளாறாகத் தெரியும். கீழே நான் கொடுக்கும் எண்கள் பெரும்பாலும் 12 வோல்ட், மூன்று ஃபேஸ் வண்டிக்கானவை, மற்றவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் அதில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை.

சரி, பேட்டரி. இதைத் தாண்டிக்கொண்டு போகவே கூடாது, ஏனென்றால் கெட்ட பேட்டரி எல்லா அளவையும் பொய்யாக்கிவிடும். சார்ஜரில் முழுசாக ஏற்றி, கழற்றி, சில மணிநேரம் சும்மா விடுங்கள். அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள், மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் போய்விடும். இப்போது அளந்தால் நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ராத்திரி முழுக்க ஏற்றியும் 10.5ஐ ஒட்டியே நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது, அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு மேலே போவதில் அர்த்தமில்லை.

வோல்ட் சரியாக இருப்பதால் மட்டும் பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது. செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே அளங்கள். பத்து வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது, ஒன்பதரைக்குக் கீழே சரிந்தால் உள்ளே பிளேட்டுகள் சல்ஃபேட் பிடித்துப் போய்விட்டன. செல்ஃப் இல்லாத வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சில நிமிடம் பாருங்கள், எண் மெதுவாக இறங்க வேண்டும், மடமடவென்று விழக் கூடாது. லித்தியம் பேட்டரி போட்டிருப்பவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அது ஓய்வில் 13.2க்கு மேல் நிற்கும், 13 காட்டினாலே நிறைய இறங்கிவிட்டது என்று பொருள். பழைய வண்டியின் ரெகுலேட்டர் 15 வோல்ட் பக்கம் எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளதாக இருந்தால் லித்தியம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து ஓடும் வோல்ட். மீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈயத் துருவத்திலேயே நேராக வையுங்கள், ஒயரின் முனையில் உள்ள உலோக வளையத்தில் (லக்) வேண்டாம். இஞ்சின் சூடான பிறகு, ஹெட்லைட் எரியும் நிலையில், ஐட்லிங்கில் ஒரு அளவு, 3000ல் ஒன்று, 5000 ஆர்பிஎம்மில் ஒன்று. ஐட்லிங்கில் 13க்குக் கீழே இருந்தால் கவலைப்படாதீர்கள், பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு அது இயல்பு. 3000க்கு மேல் 13.5 முதல் 14.5க்குள் வந்து அங்கேயே நின்றால் உங்கள் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, பேட்டரி இறங்குவதற்குக் காரணம் வேறு எங்கோ. முறுக்க முறுக்க எண் ஏறவே இல்லை, 12.3லேயே நிற்கிறது அல்லது இன்னும் இறங்குகிறது என்றால் எதுவும் வந்து சேரவில்லை. 13 வரை வந்து மேலே போக மறுத்தால் பாதி வருகிறது. 15ஐத் தாண்டினால் அதிகம் வருகிறது. இந்த நாலில் உங்களுடையது எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் கெட்டது என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட் தாறுமாறாகத் துள்ளும், ரெகுலேட்டரும் இக்னிஷனை இயக்கும் சிடிஐ யூனிட்டும் பல்புகளும் ஒரே நொடியில் போய்விடும்.

எதுவும் வரவில்லை அல்லது பாதிதான் வருகிறது என்ற நிலையில் எல்லோரும் ஸ்டேட்டர் பக்கம் ஓடுகிறார்கள். நான் ஒயருக்குப் போவேன்.

இதற்குக் காரணம் இந்த வண்டிகளில் ரெகுலேட்டர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டரை அணைக்க முடியாது, சுற்றும் வரை அது உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். பழைய ஷன்ட் வகை ரெகுலேட்டர் தேவைக்கு மேல் வருவதை என்ன செய்கிறது என்றால், உள்ளே இருக்கும் தைரிஸ்டர்கள் என்ற மின்னணு சுவிட்சுகளை ஆன் செய்து ஸ்டேட்டரின் ஒயர்களைத் தற்காலிகமாக ஷார்ட் செய்துவிடுகிறது. அதாவது நீங்கள் விளக்கு எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டேட்டரிலும் அந்த மூன்று ஒயர்களிலும் கிட்டத்தட்ட முழுக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த மூன்று ஒயரும் ஒரு பிளாஸ்டிக் கப்ளர் வழியாகப் போகின்றன. உள்ளே உள்ள பித்தளை முனைகளில் வருடக்கணக்கில் ஈரம் பட்டுக் களிம்பு ஏறி, 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். மீட்டரில் அது தெரியக்கூட தெரியாது, மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஆனால் 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் காணாமல் போகும், 40 வாட் சூடு பிறக்கும். அது ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அந்தக் கப்ளருக்குள் ஓயாமல் எரிவதற்குச் சமம். சூட்டில் பித்தளையின் பிடி தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கடைசியில் பிளாஸ்டிக் உருகி, பழுப்பாகி, ஒரு ஒயர் முழுசாகவே விட்டுவிடும்.

அதனால் முதல் வேலை, ஸ்டேட்டரில் இருந்து ஆர்ஆர் யூனிட் வரை ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போவது. பெரும்பாலும் சைடு கவருக்குப் பின்னாலோ பேட்டரிப் பெட்டிக்குக் கீழேயோ கப்ளர் ஒளிந்திருக்கும். பிரித்துப் பாருங்கள். பழுப்பு நிறம், உருகிய ஓரம், கறுத்த முனை, கப்ளருக்கு அருகே விறைத்துப்போன ஒயர் எது இருந்தாலும் குற்றவாளி அங்கேதான். அப்படி ஒரு கப்ளரைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடு பட்ட பித்தளைக்கு ஸ்பிரிங் போய்விடும், சில மாதத்தில் திரும்பவும் அதே கதை. வெட்டி எறிந்துவிட்டு நல்ல தரமான புது கப்ளர் போடலாம், அல்லது மூன்றையும் நேரடியாக கிரிம்ப் செய்து அல்லது சால்டர் வைத்து ஸ்லீவ் சுருக்கிவிடலாம். ஒயரை வெட்டும்போது உள்ளே உள்ள தாமிர இழைகள் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள், கறுத்திருந்தால் பளிச்சென்று வரும் வரை பின்னால் தள்ளி வெட்டுங்கள்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் சார்ஜ் வரவில்லையா? அப்போதுதான் பலரும் செய்யாமல் விடும் அந்தச் சோதனை, வோல்டேஜ் டிராப். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். இஞ்சினை 4000 ஆர்பிஎம்மில் பிடித்து, விளக்கு எரியும்போது, மீட்டரை டிசியில் வைத்து ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் வெளியே வரும் பாசிட்டிவ் ஒயரில், கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாகச் செருகுங்கள். மற்ற முனை பேட்டரியின் பாசிட்டிவ் துருவத்தில். இரண்டும் ஒரே பாதையின் இரண்டு முனைகள் என்பதால் ஒயர் நன்றாக இருந்தால் எண் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம், 0.5 என்றால் பாதையில் எங்கோ அடைப்பு. அதேபோல எர்த் பக்கம், ஆர்ஆர் யூனிட்டின் எர்த் ஒயரில் இருந்து, எர்த் ஒயர் தனியாக இல்லாவிட்டால் அதன் அலுமினிய உடலில் இருந்து, பேட்டரி நெகட்டிவ் துருவத்துக்கு. இங்கே 0.1ஐத் தாண்டினாலே நான் பிரித்துப் பார்ப்பேன்.

ஒரு நண்பரின் எண்பதுகளைச் சேர்ந்த நாலு சிலிண்டர் வண்டி இப்படித்தான் வந்தது. ரெகுலேட்டர் மாற்றியாயிற்று, ஸ்டேட்டர் ரீவைண்ட் செய்தாயிற்று, ஆனால் 5000ல் பேட்டரியில் 12.9தான். யூனிட்டின் வாசலில் அளந்தால் அழகாக 14.4. அப்படியானால் ரெகுலேட்டரும் ஸ்டேட்டரும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன, ஒன்றரை வோல்ட் வழியில் திருடு போகிறது. பாசிட்டிவ் பாதையில் 1.1, எர்த் பாதையில் 0.4. பாசிட்டிவ் பக்கம் இருந்தது மெயின் ஃபியூஸ், கண்ணாடி ஃபியூஸைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து கறுத்திருந்தது. எர்த் பக்கம் ஃபிரேமுக்குப் புதுசாக அடித்த பவுடர் கோட்டிங் மேலேயே லக்கை வைத்து போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். கிளிப்பை எடுத்துவிட்டு பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், எர்த் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு, கூடவே யூனிட்டில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தடித்த ஒயர். 14.2 வந்துவிட்டது. வண்டிக்கு ரீஸ்டோரேஷன் செய்து புது பெயின்ட் அடித்தவர்கள் எல்லோரும் எர்த் போல்ட்டுகளை ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது நல்லது.

வண்டித் தயாரிப்பிலேயே ஒயர் சுற்றி வளைத்துப் போன உதாரணங்களும் உண்டு. சுசுகியின் பழைய ஜிஎஸ் வரிசையில் பல மாடல்களில் ஸ்டேட்டரின் மூன்று ஒயரில் ஒன்று மட்டும் ஹெட்லைட் சுவிட்ச் வரை போய்த் திரும்பி வரும். அந்தக் காலத்தில் விளக்கு அணைந்திருக்கும்போது உற்பத்தியைக் குறைக்க நினைத்துச் செய்தது. இப்போது அந்தச் சுவிட்சும் வழியில் உள்ள கப்ளர்களும் பழசாகி அந்த ஒரு ஃபேஸ் அரைகுறையாகிவிடுகிறது. அந்த வளையத்தை விட்டுவிட்டு மூன்றையும் நேராக ரெக்டிஃபையருக்குக் கொண்டுபோவது அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிந்த தீர்வு. ஹோண்டாவின் சில பழைய இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால்தான் கூடுதல் காயில் சேரும். கஃபே ரேசர் ஆக்குகிறேன் என்று சுவிட்ச் செட்டையே எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு சார்ஜ் ஏன் குறைந்தது என்று தேடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஒயர் எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் ஸ்டேட்டர். கப்ளரைக் கழற்றிவிட்டு மூன்று சோதனை. முதலில், இஞ்சின் நின்றிருக்கும்போது, ஒவ்வொரு ஒயருக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையே ஓம். மூன்று ஃபேஸ் ஸ்டேட்டரில் எந்த ஒயரும் எர்த்தைத் தொடக் கூடாது, மீட்டர் ஓஎல் (இணைப்பே இல்லை என்ற குறி) காட்ட வேண்டும். எண் ஏதாவது வந்தால் காயில் எரிந்து இரும்பைத் தொட்டுவிட்டது, வேறு சோதனை தேவையில்லை. ஆனால் கவனம், நான் முன்னால் சொன்ன சின்ன வண்டி ஒற்றை ஃபேஸ் காயிலில் ஒரு முனை வேண்டுமென்றே எர்த்தில் இணைக்கப்பட்டிருக்கும், அங்கே எர்த் காட்டுவதுதான் சரி. நல்ல காயிலை இந்தக் காரணத்துக்காகத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, மூன்று ஒயருக்குள் ஒன்றுக்கொன்று ஓம். மூன்று ஜோடியும் ஒரே மாதிரி, பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி திறந்தே கிடந்தால் காயில் அறுந்தது உறுதி. ஆனால் எல்லாம் சரியாகக் காட்டினாலும் காயில் நல்லது என்று உறுதி சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. சில சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆனால் மாறும் தடை அவ்வளவு சிறியது, சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது.

அதனால் நான் நம்புவது மூன்றாவதைத்தான். கப்ளர் கழன்ற நிலையிலேயே இஞ்சினை ஓட்டி, மீட்டரை ஏசியில் வைத்து, மூன்று ஜோடியையும் அளங்கள். ஐட்லிங்கில் 15 முதல் 20 வோல்ட் வரை இருக்கும், முறுக்க முறுக்க ஏறி 5000ல் பல வண்டிகளில் 50ஐத் தாண்டிவிடும். வண்டிக்கு வண்டி எண் மாறும். முக்கியமானது மூன்று ஜோடியும் ஒரே வேகத்தில் ஒரே எண்ணைக் காட்டுவது. 55, 55, 30 என்று வந்தால் ஒரு காயில் வெந்துவிட்டது. இந்த வோல்ட் கையில் பட்டால் சுள்ளென்று அடிக்கும், ஒயர் முனைகளைத் தொடாதீர்கள், ஒன்றோடொன்று படவும் விடாதீர்கள். இதைச் சூடான இஞ்சினில் செய்யுங்கள். ஸ்டேட்டரின் வார்னிஷ் வெடித்திருந்தால் குளிரில் எல்லாம் சரியாகக் காட்டி, எண்ணெய் சூடேறிய பிறகுதான் ஷார்ட் ஆகும். காலையில் நன்றாக ஏறுகிறது, ஒரு மணிநேரம் ஓட்டினால் இறங்குகிறது என்று சொல்லும் வண்டிகளில் இது முதல் சந்தேகம். மூன்றும் ஒரே மாதிரி ஆனால் எல்லாமே குறைவு என்றால் ரோட்டரின் காந்தம் பலவீனமாகியிருக்கலாம், அது அபூர்வம்.

ஃபீல்டு காயில் வண்டிகளுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. இக்னிஷனை ஆன் செய்து, இஞ்சினை ஓட்டாமல், ஒரு இரும்பு ஸ்பேனரை ஆல்டர்னேட்டர் கவருக்கு அருகே கொண்டுபோனால் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் ஃபீல்டுக்குக் கரண்ட் போகவில்லை. கார்பன் பிரஷ் இருக்கும் வண்டியில் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, ஸ்லிப் ரிங் அழுக்கா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூ ஏர்ஹெட்டில் சார்ஜிங் எச்சரிக்கை பல்பு வழியாகத்தான் ஃபீல்டுக்கு முதல் கரண்டே போகிறது, அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போனால் வண்டி சார்ஜே ஆகாது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அந்த வண்டியின் முதல் சோதனை. டைனமோ வண்டியில் ரொம்ப நாள் நிறுத்திவைத்தோ, கழற்றி மாட்டியோ காந்தத்தின் திசை போய்விட்டால் ஃபீல்டு முனைக்கு பேட்டரியில் இருந்து ஒரு கணம் கரண்ட் தொட்டுக் காட்டி மறுபடி திசை ஏற்ற வேண்டும்.

ரெக்டிஃபையரை மீட்டரின் டயோடு நிலையில் பார்க்கலாம். யூனிட்டைக் கழற்றி, மூன்று ஸ்டேட்டர் முனைகளில் இருந்தும் பாசிட்டிவ் முனைக்கும், பிறகு நெகட்டிவ் முனைக்கும், முனைகளை மாற்றி மாற்றி வைத்து அளங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை, எதிர்த் திசையில் ஓஎல், ஆறு டயோடுக்கும் இதே. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட், இரண்டு பக்கமும் ஓஎல் என்றால் அறுந்தது. கழற்றச் சோம்பலாக இருந்தால் இஞ்சின் ஓடும்போது பேட்டரியிலேயே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும், இஞ்சினை நிறுத்திய நிலையில் ஒருமுறை அளந்து அது பூஜ்யம் காட்டுகிறதா என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரெகுலேட்டர் பகுதியை இப்படி மேசையில் வைத்துச் சோதிக்க முடியாது. பேட்டரி நல்லது, ஒயர் நல்லது, ஸ்டேட்டரின் ஏசி நல்லது, ஆனாலும் யூனிட்டின் வாசலில் சரியான வோல்ட் இல்லை என்றால் குற்றம் அதன் மேல்தான் விழும்.

ஷார்ட் ஆன டயோடோடு ரொம்ப நாள் ஓட்டினால் ஸ்டேட்டர் வெந்துபோகும். எர்த் ஆன ஸ்டேட்டர் புது ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொல்லும். அதனால் ஒன்று போயிருந்தால் மற்றதைச் சோதிக்காமல் புதுசை மாட்டாதீர்கள்.

அதிகமாக ஏறும் வண்டிக்கு வருவோம். 15ஐத் தாண்டினால் எல்லோரும் ரெகுலேட்டர் என்று முடிவு கட்டுவார்கள், பல தடவை அது சரிதான். ஆனால் சில யூனிட்டுகளில் பேட்டரியின் வோல்ட்டை அறிய மெல்லிய ஒரு சென்ஸ் ஒயர் தனியாக உண்டு, ஹோண்டாக்களில் பெரும்பாலும் கறுப்பு, அது இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருகிறது. சுவிட்சின் உள்ளே கான்டாக்ட் தேய்ந்து அந்த ஒயரில் 13.5தான் இருக்கிறது என்றால் ரெகுலேட்டர் பேட்டரி இன்னும் நிறையவில்லை என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், பேட்டரியில் 15 நிற்கும், தண்ணீர் கொதித்து வற்றும். சென்ஸ் ஒயரையும் பேட்டரி பாசிட்டிவையும் ஒப்பிட்டு அளந்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். இக்னிஷன் ஆனால் மட்டும் இயங்கும் ஒரு ரிலே வைத்து, பேட்டரியில் இருந்து நேராக அந்த ஒயருக்குக் கொடுத்தால் தீர்ந்தது.

சார்ஜிங் எல்லாம் நன்றாக இருந்தும் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால் அது கசிவு. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரித் துருவத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் சேருங்கள், குறைவாக இருந்தால் மில்லிஆம்பியருக்கு மாறுங்கள். மீட்டர் சேர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃப் அழுத்தாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போகும். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் ஒரு மில்லிஆம்பியர்கூட இருக்கக் கூடாது. 20 மில்லிஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு சுமார் அரை ஆம்பியர்-அவர், 14 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்தில் காலி. ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றியதும் எண் விழுந்தால் டயோடு கசிகிறது. விழவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

எதிலும் குறை இல்லை, ஆனாலும் போதவில்லை என்றால் கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் 55 வாட், டெயில் லைட் 5 அல்லது 8, இக்னிஷன் காயில்கள் சுமார் 40, மீட்டர் விளக்குகள் 10 என்றால் 110ஐத் தொட்டுவிட்டது, பிரேக் பிடித்தால் இன்னொரு 21. எழுபதுகளின் நடுத்தர வண்டியின் ஆல்டர்னேட்டர் 5000 ஆர்பிஎம்மில் 150 வாட் கொடுத்தால் பெரிது, நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது அதில் பாதிகூட வராது. அதன் மேல் இரண்டு ஃபாக் லைட் மாட்டினால் பேட்டரி இறங்கத்தான் செய்யும், எந்தப் பாகத்தின் மேலும் குறை சொல்ல முடியாது. எல்ஈடிக்கு மாறினால் பேட்டரிக்கு நிம்மதி, ஆனால் ஷன்ட் ரெகுலேட்டர் இருக்கும் வண்டியில் நீங்கள் செலவழிக்காத கரண்ட் முழுவதும் ரெகுலேட்டர் வழியாகச் சுற்றும், அது முன்பைவிடச் சூடாகும்.

ஆர்ஆர் யூனிட் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் என் விருப்பம் பழைய தைரிஸ்டர் வகை இல்லை. ஷின்டென்கென் எஃப்எச்020 போன்ற, தைரிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வைத்த யூனிட்டுகள் அதே ஷன்ட் வேலையைக் குறைந்த சூட்டில் செய்யும். எஸ்எச்775 போன்ற சீரிஸ் வகை ஸ்டேட்டரை ஷார்ட் செய்வதற்குப் பதிலாக இணைப்பையே துண்டித்துவிடும், ஸ்டேட்டருக்கும் அது நல்லது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் இவற்றை யோசிக்காமல் மாட்டினால் தொட்ட நொடியில் போய்விடும், முதலில் எர்த்தை உறுதி செய்யுங்கள். எந்த யூனிட் ஆனாலும் காற்று படும் இடத்தில், தட்டையான உலோகத்தின் மேல், நடுவில் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். வெளியே வரும் பாசிட்டிவையும் நெகட்டிவையும் தடித்த ஒயரில், பாசிட்டிவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, நேராக பேட்டரிக்கே கொண்டுபோங்கள். பிறகு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, இஞ்சினை அணைத்த கையோடு கப்ளரையும் ஃபியூஸ் ஹோல்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இஞ்சின் சூடு படாத இடத்தில் இருக்கும் கப்ளர் வெதுவெதுப்புக்கு மேல் சுட்டால் அந்த இணைப்பை மறுபடி பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும்.